நக்கவாரத்துக் குட்டைக்கால் கோழி

நாட்டுக்கோழி என்றால் வருடத்துக்கு 60, 70 முட்டை. அடைக்கு உட்கார்ந்துவிட்டால் அதுவும் கிடையாது. நம் கிராமத்துப் பாட்டிமார் அறிந்த இந்தக் கணக்கு வங்கக் கடலுக்கு அப்பால் பொய்த்துப்போகிறது. ராஜேந்திர சோழனின் கல்வெட்டு மாநக்கவாரம் என்று குறிப்பிடும் நிக்கோபார் தீவுகளின் கோழி, கவனித்து வளர்த்தால் வருடத்துக்கு 140 முதல் 160 முட்டைகள்வரை இடுகிறது. நாட்டு இனங்களில் முட்டைக்குப் பேர்போனது இதுதான்.

பார்த்தால் நம்பமாட்டீர்கள். குட்டைக் கால், உருண்ட உடல். நடப்பதைவிட உருள்கிறது எனலாம். நிக்கோபாரி மொழியில் 'டக்னியட் ஹ்யூம்', அதாவது குட்டைக்கால் கோழி. கறுப்பு, வெள்ளை, பழுப்பு என மூன்று வகை உண்டு.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் பகல் சுருங்கும். கோழியும் முட்டையை நிறுத்திவிடும். விளக்கைப் போட்டு அதை ஏமாற்றுகிறார்கள். தீவுகளில் அந்தத் தந்திரத்துக்கு அவசியமில்லை. ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்) மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டாது. மிகக் குறுகியதும் 11 மணிக்குக் கீழே போகாது. ஆனால் கடிகாரம் மட்டும் இந்திய நேரத்தைக் காட்டுகிறது. டிசம்பரில் மாலை 5 மணி சுமாருக்கே பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்துவிடுகின்றன. சென்னை அலுவலகங்களில் அப்போதுதான் டீ வரும்!

இங்கே பருவம் என்றால் மழைதான். மே மாதம் தொடங்கி, இரண்டு பருவமழைகளும் டிசம்பர்வரை நனைக்கின்றன. வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். ஈரமண்ணில் புழு, கறையான், பசும்புல் என்று கோழிக்கு விருந்து. மஞ்சள் கரு ஆரஞ்சு நிறத்துக்கு ஏறும். அதே ஈரம் கொட்டகைக்குள் புகுந்தால் ரத்தக் கழிச்சல் வரும். தரை காய்ந்திருக்க வேண்டும் என்பதே மழைக்காலத்தின் முதல் பாடம். ஜனவரிக்குப் பின் நிலைமை தலைகீழ்: தண்ணீர்த் தட்டுப்பாடு, வெயில். மூச்சிரைக்கும் கோழி தீனியைக் குறைத்துக்கொள்ளும், ஓடு மெலியும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்து, கிளிஞ்சலை இடித்துப் போட்டால் சமாளிக்கலாம். கடற்கரையில் கிளிஞ்சலுக்கா பஞ்சம்?

பஞ்சம் தீவனத்துக்குத்தான். மக்காச்சோளமும் சோயாவும் சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கப்பலில் வரவேண்டும். புயல் அடித்தால் கப்பல் தாமதம்; விலை ஏறும். நிக்கோபாரி கோழி இந்தக் கவலையில்லாமல் தேங்காயையும் மிச்சம் மீதியையும் தின்று, மேய்ந்து முட்டையிடும். தீவனமூட்டையை நம்பிய வெள்ளை லெகார்ன் 300 முட்டை இடலாம்தான். மூட்டை வராத வாரம் என்ன செய்யும்?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கார் நிக்கோபாரின் கரையோரக் கிராமங்களைத் துடைத்துச் சென்றபோது, பன்றிகளோடு கோழிகளும் போயின. அதற்குப் பின் இன்னொரு ஆபத்து, சத்தமில்லாமல் வருவது: கலப்பு. ஐதராபாத்தில் உருவான வனராஜா கோழி தீவுகளுக்கும் வந்தது. சீக்கிரம் எடை போடும் பறவை. மக்கள் விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் புறக்கடையில் சேவலுக்கு வேலி ஏது? கார் நிக்கோபாருக்குள் நுழைய வெளியாருக்கு அனுமதிச்சீட்டு வேண்டும். வேலி தாண்டும் சேவலிடம் அதைக் கேட்பாரில்லை.

ஸ்ரீ விஜயபுரத்தின் காராசர்மாவில், 1978-ல் தொடங்கிய மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைத் தனியே பேணி ஆராய்ந்துவருகிறது. நிஷிபாரி, நிக்கோராக் என்ற கலப்பினங்களை உருவாக்கியதும் அதுவே. கலப்பினத்துக்கும் தாய்ச்சரக்கு இந்தக் குட்டைக்கால்தான். அது தூய்மையாக இருக்கும்வரைதான் அடுத்த கலப்பும் சாத்தியம்.