காத்துக்காகக் காத்திருந்தோம்!

'பீருக்குப் போறேன்'னு சொன்னதும் ஹாஸ்டலே என்னை ஒரு மாதிரி பார்த்துச்சு. அவசரப்படாதீங்க பாஸ்! பீர் என்பது இமாசலப் பிரதேசம், காங்க்ரா மாவட்டத்துல இருக்கிற ஒரு குட்டி ஊர். பாராகிளைடிங் பைத்தியங்களுக்குத் தாய் வீடு. 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டியே இங்கே நடந்திருக்கு. அந்த ஊர்ல நடந்த ஒரு சின்னப் போட்டியில நானும் ஒரு ஆள். ரெண்டு வருஷம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. வீட்டுல சொன்னது மட்டும், 'டெல்லியில சிம்போசியம்!'

போட்டியோட கடைசி நாள். ஜீப்ல 14 கிலோமீட்டர் வளைஞ்சு நெளிஞ்சு ஏறினா, சுமார் 2,400 மீட்டர் உயரத்துல பில்லிங். புல்வெளிச் சரிவு, முதுகுக்குப் பின்னாடி தவுலதார் மலைத்தொடர். எல்லாம் சரி... வானம் முழுக்க வெள்ளைப் போர்வை!

மேகம் மூடினா என்னன்னு கேக்கறீங்களா? பாராகிளைடருக்கு இன்ஜின் கிடையாது. வெயில்ல தரை சூடாகி, அந்தச் சூட்டுல மேலே கிளம்புற காத்துதான் எங்களுக்குப் பெட்ரோல். பேரு, தெர்மல். பருந்து மாதிரி அதுக்குள்ளே வட்டமடிச்சு ஏறணும். அப்புறம், ஜி.பி.எஸ்.ல குறிச்ச இடங்களை வரிசையாத் தொட்டு, எல்லையை அடையணும். வெயில் இல்லைன்னா, பெட்ரோல் பங்க் மூடியாச்சுன்னு அர்த்தம்!

10 மணிக்கு ஸ்டார்ட்னாங்க. 11 ஆச்சு, 12 ஆச்சு... காத்து எப்படின்னு பார்க்க முன்னாடி அனுப்பின பைலட்டுங்க, ஏற வழியில்லாம நேரா கீழே போய் இறங்கிட்டாங்க. டீ, மேகி, மறுபடி டீ. ஹெல்மெட்டை மாட்டறதும் கழட்டறதுமாவே பொழுது போச்சு.

1.30-க்கு லேசா வெயில். ஸ்டார்ட் கொடுத்தாங்க. பொறுமையில்லாம முதல் ஆளா ஓடினேன். கால் தரையை விட்டுச்சு. மேலே ஏறினா 'பீப் பீப்'னு கத்த வேண்டிய வேரியோமீட்டர், கப்சிப். சூரியனும் மறுபடி உள்ளே போயிட்டார். இறங்கிக்கிட்டே இருக்கேன்... திடீர்னு, பைன் மரச் சரிவு பக்கத்துல ஒரே ஒரு 'பீப்'! இன்னும் கொஞ்சம் ஒட்டி வட்டமடிச்சா ஏறிடலாம். தவறினா, மரம். ரெண்டு வருஷக் காசு ஒரு பக்கம், அம்மா முகம் ஒரு பக்கம்.

கிளைடரை லேண்டிங் மைதானத்துக்குத் திருப்பிட்டேன்.

மொத்தமே 18 நிமிஷம். விங்கை மடிச்சு வெச்சுட்டு நிமிர்ந்தா, பளீர்னு வெயில்! மேலே பொறுமையாக் காத்திருந்தவங்க, புள்ளிப் புள்ளியா ஏறிக்கிட்டிருந்தாங்க. வயிறு எரிஞ்சுது. முதல் ஆளா ஓடினதுக்குத்தான். திரும்பினதுக்கு இல்லை.

செல்போன் அடிச்சுது. அம்மா! "எங்கேடா இருக்கே?"

"தரையிலதாம்மா!"

ஊருக்கு வந்து உண்மையைச் சொன்னப்போ வீட்டுல கிளம்புச்சே ஒரு சூடு... அது அன்னிக்குக் கிடைச்சிருந்தா, தவுலதாரையே தாண்டியிருப்பேன்!