உறுதியில் எழுதப்பட்ட மரங்கள்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்துப் பழகியவர்களுக்கு ஒரு சொற்றொடர் நன்கு பரிச்சயமானது. பரப்புக் கணக்கும் நான்கு எல்லைகளும் கூறப்பட்ட பின்னர் கிணறு, வான்பயிர், செய்பயிர் என்று உறுதி தொடரும். காணி கைமாறும்போது மரமும் சொல்லப்பட்டே கைமாறியது.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் சட்டமாக்கப்பட்ட தேசவழமையிலும் மரத்திற்குத் தனி இடமுண்டு. ஒருவர் தமது காணியில் நட்ட மரம் சாய்ந்து அயலவரின் காணிக்கு மேலே காய்த்தாலும், பயன் நட்டவருக்கே. புளி, இலுப்பை, வேம்பு ஆகியவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. அவற்றின் கிளை எவர் நிலத்தின் மேல் நிற்கிறதோ, பயனும் அவருக்கே. பெருநிழல் விழுத்தும் மரங்களுக்கு அயலவர் இழப்பது அதிகம் என்பதே இதன் நியாயம் என நான் விளங்கிக்கொள்கிறேன்.

எமது விவசாயிகள் மரத்தை அழகுக்காக வைத்திருக்கவில்லை. பனையோலை வேலிக்கும் கூரைக்கும் மாட்டுக்கும் உதவியது. உக்கிய ஓலை தோட்டத்திற்கு எருவாயிற்று. பூவரசங் கதியால் எல்லையைக் காத்தது. அதன் குழை புகையிலைத் தோட்டத்தில் தாழ்க்கப்பட்டது. ஆகவே மரங்கள் எல்லையோரத்தில் நின்றன. நடுநிலம் பயிருக்கு வெளிச்சமாக விடப்பட்டது. வைரம் பாய்ந்த முதுபனையே வளைக்கும் சிலாகைக்கும் தறிக்கப்பட்டது. அருகில் வடலி வளர்ந்துகொண்டிருக்கும்.

இந்தக் கணக்கு இன்று குலைந்துவிட்டது. வேலியின் இடத்தில் மதில், ஓலையின் இடத்தில் ஓடும் தகரமும், குழையின் இடத்தில் இரசாயனப் பசளை. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகள் ஏராளம். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றித் தறிக்க இயலாது. நல்ல சட்டம்தான். ஆனால் பனை பூக்கும் வரை அது ஆணா பெண்ணா என்று எவராலும் கூற இயலாது. அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது செல்லும். அதுவரை வடலியைக் காக்க வேண்டியவர் காணிக்காரரே.

அந்தக் காணிக்காரர் இப்போது எங்கே இருக்கிறார்? எங்கள் குடும்பக் காணிக்கு மூன்று உரித்தாளர்கள். நான் இங்கே, தம்பி இலண்டனில், தங்கை ரொறன்ரோவில். சென்ற ஆண்டு மர வியாபாரி ஒருவர் முப்பத்திரண்டு பனைகளுக்கும் மொத்தமாக விலை பேசினார். தங்கை தொலைபேசியில், "அண்ணா, அந்தப் பனையளாலை எங்களுக்கு என்ன வருமானம்?" என்று கேட்டாள். நேர்மையான கேள்வி. எங்களுக்கு ஒன்றுமில்லை என்பதே நேர்மையான பதில்.

ஆனால் பக்கத்துத் தோட்டக்காரருக்கு உண்டு. ஓலையும் நுங்கும் பனம்பழமும் அவர் எடுக்கிறார். கிழங்குப் பாத்தியும் போடுகிறார். அந்தப் பயன் அவருக்கே என்றும், பதிலுக்கு அவர் வடலிகளை அழியாது காக்க வேண்டும் என்றும் எழுத்தில் உடன்படலாம் என்றேன். பிறர் நிலத்தில் தென்னை நட்டவருக்கும் பங்கு கொடுத்த வழமை எங்களுடையது. தங்கை சம்மதித்தாள். தம்பி இன்னும் பதில் கூறவில்லை. வியாபாரி மீண்டும் இரு தடவை வந்து போனார்.

ஊரில் காணி வைத்திருக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். விலைக்குத் தலையசைக்கும் முன்னர், அந்த மரத்தின் ஓலையை இப்போது யார் எடுக்கிறார் என்று விசாரியுங்கள். அப்படி ஒருவர் இருந்தால், மரத்திற்கு இன்னும் ஒரு காவலர் இருக்கிறார்.