மூப்பும் கம்பு வீச்சும்

இக்கல்லூரியினின்று நீங்கி நாற்பது ஆண்டுகள் சென்ற பின்னும், இளமையிற் பயின்ற சிலம்பத்தை யாம் விட்டோமல்லோம். தாமிரபரணிக் கரையில் எம் ஊர் அண்ணாவியாரிடம் கம்பேந்திய நாளில், வேகம் கேளாமலே கைக்கு வந்தது. அறுபதைக் கடந்த இந்நாளிலோ, கண் முந்துகின்றது, கை பிந்துகின்றது. பேரன் வயதுடைய பிள்ளைகள் வீசுங்கால் காற்றிரைகின்றது. எமது கம்போ ஓசையின்றிச் சுழல்கின்றது. இனி இதனைப் பரண்மேல் இடுவதே தக்கதோ என்னும் ஐயம் எழவே, மூப்பு எதனைக் கவர்கின்றது, எதனை விட்டுவைக்கின்றது என ஆராயப் புகுந்தோம்.

தசையிழைகளுள் விரைந்து சுருங்குவன, மெல்லச் சுருங்குவன என இருவகை உண்டு. வயது ஏற ஏற முன்னவையே பெரிதும் மெலிகின்றன. முதுகும் இடுப்பும் முன்போல் திரும்புவதில்லை. கண்டதற்கேற்பக் கை எழுவதற்கும் சற்றுக் காலம் கூடுகின்றது. இவை மறுக்கவொண்ணாத இழப்புக்கள்.

ஆயினும் வீச்சென்பது தசைவலி மட்டுமன்று. சிலம்பத்திற் காலடியை முன்னர்ப் பயிற்றுவதன் காரணம் யாது? பாதம் ஊன்ற, இடுப்புத் திரும்ப, தோள் தொடர, மணிக்கட்டு இறுதியிற் சுழல, அவ்வொழுங்கினாலேயே கம்பின் முனை விரைவு பெறுகின்றது. கோடைக்கானலில் 1895 ஆம் ஆண்டு முதல் கழகம் அமைத்து ஆடப்பெறும் கோல்ப் ஆட்டத்திலும் இம்முறையே காண்கின்றோம். அதில் வல்லார் கோலைப் பின்னோக்கி உயர்த்தும் நேரம், இறக்கிப் பந்தை அடிக்கும் நேரத்தினும் ஏறக்குறைய மும்மடங்கு என அளந்து கூறுவர். 1977 இல் ஸ்காத்லாந்து நாட்டு டர்ன்பெரியில் ஓப்பன் பட்டம் வென்ற டாம் வாட்சன், 2009 இல் தம் 59 ஆம் வயதில் அதே களத்தில் நான்கு நாள் ஆட்டத்தையும் முதலிடத்திற் சமனாக முடித்து, மேலாட்டத்தில் மட்டுமே ஸ்டூவர்ட் சிங்கிடம் தோற்றார். உடல்வலி ஒன்றே துணையாயின் இது கைகூடியிராது என்பது எம் துணிபு.

போன வேகத்தை அவசரத்தால் மீட்க முயல்வதே முதியோர்க்குக் கேடு. எம்மொத்த நண்பர் ஒருவர் இளைஞனுக்கு ஈடுகொடுக்க எண்ணிக் கையை விரைந்து வீசினார், கால் உடன்வரவில்லை, விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எழுபது கடந்த அண்ணாவியார் ஒருவரோ வேறு வழி கொண்டார். வீச்சின் வட்டத்தைக் குறுக்கினார். பாய்ச்சலை விடுத்து அரையடி பெயர்ந்தார். எதிர்நிற்பான் தோள் அசைவை நோக்கி முன்னரே புறப்பட்டார். அவர் கம்பு மெல்லவே சென்றது; ஆயினும் வேண்டிய கணத்தில் வேண்டிய இடத்தில் இருந்தது. யாமும் இப்பொழுது அவ்வழியே, எண்ணி எண்ணி, மெல்லக் காலடி பழகுகின்றோம்.

மாணவ நண்பர்காள்! உங்கள் கைவேகம் வயது தந்தது. வயதே அதனை மீட்டுக்கொள்ளும். காலடியோ பயிற்சி தருவது. கம்போ, மட்டையோ, பந்தோ, நீவிர் கையிற்கொள்வது எதுவாயினும், வேகம் உள்ளபொழுதே அடியொழுங்கைச் செவ்வனே கற்றுக்கொள்வீராக.