பின்னால வந்து இடிச்சவன் மேலதான் தப்பா?

எங்க திருச்செந்தூர் பக்கம் ரோட்டில் ரெண்டு வண்டி மோதிக்கிட்டா, போலீஸ் வர்றதுக்கு முன்னாடியே டீக்கடையில் தீர்ப்பு சொல்லிடுவாங்க. அதுக்கு ரெண்டே ரெண்டு சட்டம்தான். ஒண்ணு, பெரிய வண்டிக்காரன் மேலதான் தப்பு. ரெண்டு, பின்னால வந்து இடிச்சவன் மேலதான் தப்பு. சின்ன வண்டி பின்னால வந்து பெரிய வண்டியை இடிச்சா என்ன பண்ணுவாங்கன்னு கேட்காதீங்க, அப்போ யாருக்குச் சொந்தக்காரங்க அதிகமோ அவங்க பக்கம் நியாயம் :-)

கோர்ட் இதை எப்படிப் பார்க்குதுன்னு தெரிஞ்சுக்க, நம்ம வயசுப் பையன் ஒருத்தரோட வழக்கைச் சொல்றேன். 2017 ஜனவரி 7, கோயம்புத்தூர். அவர் இன்ஜினியரிங் மாணவர், வயசு 20. பைக்கில் போறப்ப முன்னால போன கார் நெடுஞ்சாலையில் திடீர்னு பிரேக் போட்டுடுச்சு. பைக் காரின் பின்பக்கம் மோதி இவர் ரோட்டில் விழ, பின்னால வந்த பஸ் கால் மேல ஏறிடுச்சு. இடது காலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

டீக்கடை சட்டப்படி பார்த்தா இவர் பின்னால வந்து இடிச்சவர், கார்க்காரருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது. பஸ் மேல 80 சதவீதம், மாணவர் மேல 20, கார் மேல பூஜ்யம். சென்னை உயர் நீதிமன்றம் அதை மாத்தி கார் 40, பஸ் 30, மாணவர் 30 என்றது. கடைசியில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு: கார் 50, பஸ் 30, மாணவர் 20.

கார்க்காரர் சொன்ன காரணம், கர்ப்பிணியான மனைவிக்கு வாந்தி வர்ற மாதிரி இருந்ததாம். காரணம் உண்மையாவே இருக்கட்டும். வேகமா வண்டிகள் வர்ற நெடுஞ்சாலையில் பின்னால வர்றவங்களுக்கு எந்த சிக்னலும் கொடுக்காம நிறுத்தினது தப்புதான்னு கோர்ட் சொல்லிடுச்சு. மாணவர் மேல 20 சதவீதம் ஏன்? முன் வண்டிக்குப் போதுமான இடைவெளி விடலை, லைசென்ஸும் இல்லை.

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எனக்குக் கண்ணில் பட்டது அந்த சதவீதங்கள்தான். மொத்த இழப்பீடு 1,14,24,066 ரூபாய்னு முடிவாச்சு. அதில் ஒவ்வொரு சதவீதமும் சுமார் 1.14 லட்சம்! 20 சதவீதம் கழிச்சு அவருக்குக் கிடைச்சது 91,39,253 ரூபாய். கழிஞ்சது கிட்டத்தட்ட 22.85 லட்சம். 'யார் தப்பு' என்ற கேள்விக்கு 'அவன்' 'இவன்'னு நாம பதில் சொல்றோம். கோர்ட்டோ பங்குதாரர்களுக்கு லாப நஷ்டம் பிரிக்கிற மாதிரி பிரிக்குது.

இன்னொரு பழைய தமிழ்நாட்டு வழக்கும் இருக்கு. தாழ்வா தொங்கின உயர் அழுத்த மின்கம்பியில் ஒரு பஸ் ராத்திரியில் மோதி 8 பேர் அங்கேயே இறந்துட்டாங்க. கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலை. அப்போ இழப்பீடும் கிடையாதான்னா, கிடைச்சது. பஸ் கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போயும் 1980ல் தோத்துப் போச்சு. ஒருத்தரை ஜெயிலுக்கு அனுப்ப சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். இழப்பீட்டுக்கு, எது நடந்திருக்க அதிக வாய்ப்புன்னு பார்த்தா போதும். அதனால எஃப்ஐஆரில் யார் பேர் முதலில் இருக்கு என்பதோட கதை முடிஞ்சுடாது.

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேக்குறீங்களா? எங்க ரோட்டைப் பாருங்க. தூத்துக்குடி பக்கம் உப்பு லாரியும் கன்டெய்னரும். திருநெல்வேலி பக்கம் கோயிலுக்கு வர்ற காரும் வேனும். தைப்பூசம், வைகாசி விசாகம்னா ரோட்டோரம் பாதயாத்திரைக் கூட்டம். நடுவுல பதநீர் போர்டைப் பார்த்ததும் சடக்குனு பிரேக் போடுற வெளியூர் கார்கள். பின்னால பைக்கில் வர்றது நாமதான். எங்க வகுப்பிலேயே லைசென்ஸ் இல்லாம ஓட்டுறவங்க எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க. லைசென்ஸ் இல்லை என்பது மட்டுமே ஒருத்தரைக் குற்றவாளி ஆக்காதுன்னு 2008லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா கூட வேற தப்பும் சேர்ந்தா என்ன ஆகும்னு மேலே பார்த்தோம்.

போன வருஷம் என் பெரியப்பா மகனை ஒரு கார் தட்டிவிட்டது. ரோட்டோரத்திலேயே ஊர்க்காரங்க பேசி 3,000 ரூபாய் வாங்கிக் கொடுத்து, 'இனி ஒரு சம்பந்தமும் இல்லை'னு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிட்டாங்க. மறுநாள் எக்ஸ்ரேயில் முழங்காலில் எலும்பு முறிவு. அண்ணன் ரெண்டு மாசம் வேலைக்குப் போகலை. காரோட நம்பரைக்கூட யாரும் குறிச்சு வைக்கலை.

அதனால நண்பர்களே, அடிபட்டா முதலில் ஆஸ்பத்திரி. வண்டிகளை நகர்த்துறதுக்கு முன்னாடி செல்போனில் நாலு பக்கமும் படம், எதிர் வண்டி நம்பரோட. பிறகு போலீஸில் புகார். விபத்து எங்கே நடந்தாலும், நாம குடியிருக்கிற இடத்துக்கான தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். ஆறு மாசத்துக்குள் போட்டுடுறது நல்லது. யார் தப்புன்னு நிரூபிக்க முடியலைன்னாலும், 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிற சட்டப்பிரிவுப்படி மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேட்க வழி இருக்கு.

டீக்கடை நீதிபதிகள் நல்லவங்கதான், அடிபட்டவனுக்கு முதலில் தண்ணி கொடுக்கிறதும் அவங்கதான். தண்ணியை வாங்கிக் குடிங்க. கையெழுத்து மட்டும் போடாதீங்க.