கல்லென்று மிதியாதீர்

திருகோணமலையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் சென்றால் நிலாவெளியை அடையலாம். அக்கரைக்கு அப்பால், ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில், மாடப்புறாக்கள் வாழ்வதாற் பெயர்பெற்ற புறாத்தீவு உளது. 1963 இல் சரணாலயமாகவும், 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்ட இத்தீவுக்கு வள்ளமேறிச் செல்வோர் பலர். தீவைச் சூழ்ந்த முருகைக்கற் பாரில் நீர் ஆழங்குறைந்தது, தெளிந்தது. அடியிற் கிடக்கும் கற்களை எண்ணிவிடலாம் போலத் தோன்றும். ஆயினும், இத்தகைய பார்களில் நாம் கல்லென எண்ணுவன யாவும் கல்லல்ல.

இந்து சமுத்திரத்திலும் பசிபிக் சமுத்திரத்திலும் இவ்வாறான பார்களே கல்மீனின் உறைவிடம். ஏறக்குறைய 40 செண்டிமீற்றர் வரை வளரும் இம்மீனுக்குச் செதில் இல்லை. கரடுமுரடான தோலிற் பாசியும் படர்ந்துவிடுவதால், கல்லுக்கும் இதற்கும் வேற்றுமை காண்டல் அரிது. மார்புச் செட்டைகளால் மணலைத் தோண்டி, பாதி புதைந்து, மணிக்கணக்காக அசையாது கிடக்கும். இரை தேடி அலைவதில்லை. சிறுமீனோ இறாலோ வாயருகே வந்ததும், கண்ணிமைக்கும் நேரத்தினுங் குறைந்த பொழுதில் விழுங்கிவிடும்.

இதன் முதுகில் 13 முட்கள் உள்ளன. ஒவ்வொன்றின் இருமருங்கிலும் நச்சுப்பை உண்டு. இவை வேட்டைக்குரியன அல்ல, தற்காப்புக்கே உரியன. கல்மீன் எவரையும் துரத்திக் குத்துவதில்லை. மிதிப்பவருடைய பாரமே நச்சுப்பையை அழுத்தி நஞ்சைக் காலினுள் ஏற்றுகிறது. பொறுக்கவொண்ணா நோவும் வீக்கமும் உண்டாகும். சிலவேளை உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

இந்நஞ்சு புரதத்தாலானது, வெப்பத்தாற் சிதைவது. ஆதலின், குத்துண்ட காலைத் தோல் வெந்துபோகாதவாறு, ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரில் அமிழ்த்தினால் நோவு தணியும். நோவால் மரத்த கால் சூட்டின் அளவை அறியாது. மற்றொருவரே கைவிட்டுப் பார்த்தல் வேண்டும். தாமதியாது வைத்தியசாலைக்கும் செல்லுதல் வேண்டும். இந்நஞ்சுக்குரிய மாற்று மருந்து 1959 இல் அவுஸ்திரேலியாவில் ஆக்கப்பட்டது.

எனினும், வருமுன் காத்தலே மேல். தடித்த அடியுள்ள பாதணியும் முழுக்காவல் ஆகாது. கூரிய முள் அதனையும் துளைத்தல் கூடும். பாரின்மேல் நடவாது, மிதந்தவாறே காண்பதுதான் தக்கது. நம் காலடியில் முறிவது பல்லாண்டு வளர்ந்த முருகைக்கல். அதனைக் காத்தவர் தம் காலையுங் காத்தவராவர். கடலாடச் செல்லும் பிள்ளைகளுக்கு இதனைக் கரையிலேயே சொல்லிவைத்தல் பெற்றோர் கடன்.