‘அப்பா என்ன வேலை?’ - தம்பி எழுதிய பதிலும் நான் எழுதாத பதிலும்!

மே மாதம் வந்தால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்குக்கு ஒரு வேலை தவறாமல் வந்துவிடும். ‘ப்ளஸ் டூ-வுக்குப் பிறகு என்ன படிக்கலாம்?’ என்ற கட்டுரை. போன வருடம் அது என் தலையில் விழுந்தது. இன்ஜினீயரிங், நர்சிங், சட்டம், விவசாயம் என்று மொத்தம் 20 படிப்புகள். அதில் சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் மேலாண்மைக்கு நான் ஒதுக்கியது இரண்டே வரிகள். ‘வெளிநாடுகளிலும் வேலைவாய்ப்பு பிரகாசமாக உள்ளது’ என்று முடித்திருந்தேன்.

கட்டுரை வெளியான அன்று இரவு தம்பி போன் செய்தான்.

“அக்கா, அந்த ரெண்டு வரியை நீதான் எழுதினியா? நம்ம வீட்டுல நடந்தது ஒண்ணுகூட அதுல இல்லையே?”

நியாயமான கேள்வி. அன்று எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் கும்பகோணம். அப்பா அங்கே ஒரு சைவ ஹோட்டலில் 26 வருடம் சப்ளையராக இருந்தார். விடிவதற்குள் கிளம்பினால், நாங்கள் தூங்கிய பிறகுதான் திரும்புவார். விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டவர்கள், மகன் வயதில் இருந்துகொண்டு ‘டேய்’ போட்டவர்கள், சாம்பார் ஆறிப்போனதற்கு அவரைத் திட்டியவர்கள் என்று எல்லோரையும் பார்த்தவர். 2016-ல் மகாமகம் நடந்த நாள்களில், அவர் வீட்டில் விழித்திருந்து நான் பார்த்ததாக நினைவே இல்லை. நின்று நின்றே காலில் நரம்புகள் சுருண்டு புடைத்துவிட்டன. இப்போது அதே ஹோட்டலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறார்.

தம்பி ப்ளஸ் டூ-வில் சுமாரான மார்க்தான். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது மெதுவாகச் சொன்னான். “அப்பா, நான் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கப்போறேன்.”

அப்பா கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“எச்சில் இலை எடுக்குறது என்னோட முடியட்டும்னு இருந்தேன். நீ காசு கட்டிப் படிச்சுட்டுப் போய் எடுக்கப்போறியா?”

அதன்பிறகு ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

சென்னை தரமணியில் இருப்பதுபோன்ற மத்திய அரசின் ஹோட்டல் மேலாண்மை நிறுவனங்களில் சேர, அகில இந்திய நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். மூன்று ஆண்டுப் படிப்பு. அதற்கான தயாரிப்பும் இல்லை, கையில் காசும் இல்லை. அப்போதுதான் பக்கத்தில் ஒரு சமுதாயக் கல்லூரி இருப்பது தெரிந்தது. உள்ளூரில் என்ன வேலைக்கு ஆள் தேவையோ, அதைக் குறைந்த கட்டணத்தில், குறைந்த காலத்தில் கற்றுத்தருவதுதான் இந்தக் கல்லூரிகளின் அடிப்படை. 1995-ல் புதுச்சேரியில் தொடங்கியது, பிறகு தமிழ்நாட்டிலும் பரவியது. பாதி வகுப்பறை, பாதி வேலைப் பயிற்சி. தம்பி சேர்ந்தது ஓராண்டு டிப்ளோமா.

அதென்னவோ, டிப்ளோமா என்றாலே நம் ஊரில் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். இதழியல் டிப்ளோமா படித்தவள் என்பதால் அந்தப் பார்வை எனக்கும் பழக்கம். “டிகிரி கிடைக்கலையா?” என்று கேட்ட அதே அத்தை, தம்பியிடம் “பரோட்டா போடவா ஒரு வருஷம் படிக்கிறே?” என்று கேட்டார்.

பரோட்டா மட்டுமல்ல. வரவேற்பறையைக் கவனிக்கும் ஃப்ரன்ட் ஆபீஸ், அறைகளைப் பராமரிக்கும் ஹவுஸ் கீப்பிங், சமையல், பரிமாறுதல் என்று நான்கு துறைகள். அவற்றோடு சுற்றுலாவும் உண்டு. ஒரு நாள் வகுப்பையே தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அன்று மாலை தம்பி எங்களுக்கு வகுப்பெடுத்தான். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, தட்டினால் ஸ்வரம் எழுப்பும் படிகள் இருக்கின்றன... எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். ஆனால், அதெல்லாம் எனக்கு அதுவரை தெரியாது.

அப்பா பேச ஆரம்பித்ததும் இந்தச் சுற்றுலாப் பாடத்தால்தான். ஒரே நாளில் ஒன்பது நவகிரகத் தலங்களையும் பார்க்கும்படி பயணத்திட்டம் தயாரிக்க வேண்டும் என்று ஓர் அசைன்மென்ட். தம்பி மேப்பை வைத்துக்கொண்டு இரவு 11 மணி வரை போராடினான். எப்படிப் போட்டாலும் ஒரு கோயில் நடை சாத்தும் நேரத்தில் வந்து நின்றது. அப்பா பாயில் படுத்தபடியே குரல் கொடுத்தார்.

“விடியக்காலம் திங்களூர்ல ஆரம்பி. அப்புறம் ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர். மத்தியானம் நடை சாத்திடுவாங்க, அப்ப சாப்பாடு. நாலு மணிக்கு மேல வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம். கடைசியா திருநள்ளாறு.”

நாங்கள் இருவரும் அவரையே பார்த்தோம்.

“இட்லி வைக்கும்போது ஒரு நாளைக்குப் பத்து பேர் கேப்பாங்க. 26 வருஷமா சொல்லிட்டிருக்கேன்” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த அசைன்மென்ட்டுக்குத் தம்பிக்கு முழு மதிப்பெண்.

பிறகு ஒரு நாள், அவன் வீட்டில் எவர்சில்வர் தட்டுகளை வைத்துப் பரிமாறிப் பழகிக்கொண்டிருந்தான். “கட்டைவிரல் தட்டுக்குள்ள வருது பாரு. சாப்பிடுறவர் கண்ணுல உன் விரல் படக் கூடாது” என்றார் அப்பா. தம்பி புத்தகத்தைத் திறந்து காட்டினான். அதே விதி ஆங்கிலத்தில் இருந்தது. கடை திறப்பதற்கு முன்பே தண்ணீர், சட்னி வாளி, இலைக்கட்டு என எல்லாவற்றையும் எடுத்து வைப்பாரே அப்பா... அதற்கும் ‘மீஸ் ஆன் பிளாஸ்’ என்று ஒரு பெயர் இருந்தது.

“இதுக்கு ஃபிரெஞ்சுல பேரு வேறயா?” என்று சிரித்தார். எங்கள் எதிரில் தன் வேலையைப் பற்றிப் பேசி அவர் சிரித்தது அதுதான் முதல் முறை.

இதைப் படித்துவிட்டு, எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். பயிற்சிக்காகச் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு அனுப்பினார்கள். முதல் மூன்று வாரம் ஸ்பூன் துடைக்கும் வேலை. பிறகு வெங்காயம் உரித்தல். 12 மணி நேரம் நின்று கால் வீங்கிவிட்டது. “அப்பா சொன்னதுதான் சரிபோல. வந்துடவா அக்கா?” என்று அழுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். ‘அப்பவே சொன்னேனே’ என்பார் என்று பயந்தேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். “ஷூ இறுக்கமா இருக்கா?” பிறகு சொன்னார், “ராத்திரி காலைத் தலையணை மேல தூக்கி வெச்சுப் படு. ஒரே இடத்துல நிக்காதே, காலை மாத்தி மாத்தி வை. எனக்கு அன்னிக்கு இதைச் சொல்ல ஆள் இல்ல.”

தம்பி திரும்பி வரவில்லை. படிப்பை முடித்தான்.

படிப்பு முடிந்ததும் கும்பகோணம் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் இன்டர்வியூ. விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்று ஒரு கட்டம். அதில் அவன் எழுதியதை எனக்கு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். ‘ஹோட்டல் சப்ளையர், 26 ஆண்டு அனுபவம்.’

அந்த போட்டோவை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால், பள்ளியில் அந்தக் கட்டத்தில் நான் ‘பிசினஸ்’ என்று எழுதியிருக்கிறேன். இதழியல் டிப்ளோமா விண்ணப்பத்தில் ‘தனியார் வேலை’. ஊர் ஊராகப் போய் அடுத்தவர்களின் உழைப்பைப் பற்றிப் பெருமையாக எழுதுகிற நான், அப்பாவின் வேலையை ஒருமுறைகூட அதன் பெயரைச் சொல்லி எழுதியதில்லை.

தம்பி இப்போது அந்த ரிசார்ட்டின் ஃப்ரன்ட் ஆபீஸில் இருக்கிறான். ஆரம்பச் சம்பளம் 14,000 ரூபாய். அதிகம் இல்லைதான். தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா புலம்பியபோது, “அன்னிக்குத்தானே கூட்டம் இருக்கும்” என்றார் அப்பா. அவரும் எந்தத் தீபாவளிக்கும் வீட்டில் இருந்ததில்லை.

இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்களுக்கு, என் பழைய இரண்டு வரிகளுக்குப் பதிலாகத் தம்பி சொல்லச் சொன்னது இது. சேரும் முன், சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம், எந்த வாரியம் என்று கேளுங்கள். பயிற்சிச் சமையலறையையும் மாதிரி விருந்தினர் அறையையும் நேரில் பாருங்கள். பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள், உதவித்தொகை உண்டா என்று, போன வருடம் படித்தவர்களிடமே விசாரியுங்கள். மறக்காமல் நல்ல ஷூ வாங்குங்கள்.

போன மாதம் எங்கள் ஆபீஸில் இன்ஷூரன்ஸுக்காக ஒரு படிவம் கொடுத்தார்கள். அதிலும் அந்தக் கட்டம் இருந்தது. ‘சப்ளையர்’ என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த அலுவலர், “என்ன சப்ளை பண்றார்?” என்று கேட்டார்.

“சாப்பாடு சார். 26 வருஷம்” என்றேன்.