புளி போட்டுத் தேய்த்த தோடு

பேத்தி கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். குளித்துவிட்டு வந்தவள், காதில் கிடந்த ஜிமிக்கியைக் கழற்றி ஒரு பார்வை பார்த்துக் குப்பைக்கூடையில் போட்டாள். "என்னா கண்ணு?" என்றேன். "கறுத்துப் போச்சு ஆயா. நூறு ரூபாதானே, ரெண்டு மாசம் போட்டாச்சு, போதும்" என்றாள். நான் எழுந்து போய்க் கூடையிலிருந்து அதை எடுத்துவந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

துடைத்துப் பார்த்தேன். கறுத்திருந்தது பின்பக்கமும் காதில் நுழையும் தண்டும்தான். முன்பக்கம் நன்றாகவே இருந்தது. இன்னும் ஒரு வருடத்துக்குக் குறையாது என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு எனக்கு எங்கம்மாவிடமிருந்து வந்தது. மூன்றரை ரூபாய்க் கவரிங் தோட்டை ஏழு வருடம் போட்டவள் அவள்.

எங்கள் பக்கத்தில் கவரிங் எப்போது வந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது 1963க்குப் பிறகுதான். சீனாச் சண்டை முடிந்த கையோடு, அந்த வருடம் ஜனவரியில் மத்திய அரசு தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்றார்கள். 22 காரட்டையே பார்த்துப் பழகிய நம் சனங்கள் 14 காரட்டைத் தங்கம் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. பொற்கொல்லர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. நாடு முழுக்க ஆசாரிகள் வேலையிழந்தார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு. 1966-ல் அந்த 14 காரட் கெடுபிடி தளர்ந்தது. ஆனால் 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று தனியாகவே ஒன்று வந்து, 1990 வரை இருந்தது.

இதெல்லாம் பெரியவர்கள் பேசக் கேட்டதும் பிறகு படித்ததும். நான் கண்ணால் பார்த்தது திருவிழாக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிகள் பெருகியதைத்தான். மாசியில் மேச்சேரி பத்ரகாளியம்மன் திருவிழாவுக்குப் போனால், வளையல் கடைக்குப் பக்கத்திலேயே அந்தப் பெட்டிகள் இருக்கும். கேட்டால் 'சிதம்பரம் கவரிங்' என்பார்கள், இல்லையென்றால் 'பந்தர் சரக்கு' என்பார்கள். பந்தர் என்பது ஆந்திராவின் மசூலிப்பட்டணம். அங்கே சிலகலபூடியில் மெல்லிய தங்கத் தகட்டைச் செம்பின்மேல் ஒட்டி நகை செய்வார்கள். அது நாள்படத் தாங்கும். பிறகு மின்சாரத்தில் முலாம் பூசும் முறை பரவி, விலை குறைந்தது, பூச்சும் மெலிந்தது. ஒரு தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். மலிவான கவரிங்கின் பூச்சு ஒரு மைக்ரானைக்கூட எட்டாது. அதை வைத்துக்கொண்டுதான் நாம் 'பூச்சு போய்விட்டது, ஏமாற்றிவிட்டான்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம்.

சரி, அம்மா கதைக்கு வருகிறேன்.

1974-ல் எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. சேலத்தில் விடுதியில் தங்கி இரண்டு வருடம் படிக்க வேண்டும். எங்களுக்கு இருந்தது மானாவாரிக் காடு. மழை பெய்தால் ராகியும் நிலக்கடலையும், பெய்யாவிட்டால் கடன். அம்மாவிடம் இருந்த ஒரே தங்கம் ஏழுகல் தோடு. பாட்டி போட்டிருந்தது. அதை அப்பா பென்னாகரத்துக்குக் கொண்டுபோய் அடகு வைத்தார்.

தோட்டைக் கழற்றினால் காதில் துளை மூடிக்கொள்ளும். அதற்காக விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகிக்கொள்வார்கள். இல்லையென்றால் வேப்பங்குச்சி. இந்தக் காலத்துப் பெண்களுக்கு அது வெறும் குச்சி. அந்தக் காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நகை அடகில் இருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போனாலும் களையெடுக்கப் போனாலும் பேசுகிறவர்களின் கண் முதலில் காதுக்குத்தான் போகும். "என்னா, காது மூளியா கெடக்குது?" என்று அக்கறையாகக் கேட்பதுபோல் கேட்பார்கள். அம்மா ஒரு மாதம் தலையில் முக்காட்டை எடுக்கவே இல்லை. பிறகு அப்பாவே எங்கேயோ போய், வெள்ளைக்கல் வைத்த கவரிங் தோடு ஒரு ஜோடி வாங்கிவந்தார். மூன்றரை ரூபாய். தூரத்திலிருந்து பார்த்தால் அதே ஏழுகல்தான்.

அந்தத் தோட்டை அம்மா வைத்துக் காப்பாற்றியது இருக்கிறதே, பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் கேலி செய்வோம். சீவி முடித்து, பொட்டு வைத்து, எல்லாம் ஆன பிறகு கடைசியில் தோடு. வீட்டுக்குத் திரும்பினால் முதலில் தோடு. எண்ணெய்க் கையால் தொடமாட்டாள். காட்டு வேலைக்குப் போகும்போது போடமாட்டாள். அங்கே முக்காடு இருக்கவே இருக்கிறது. வியர்வையில் இருக்கிற உப்பு செம்பைத் தின்னும் என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. உப்புப் பானைப் பக்கத்தில் வைத்த செம்புச் சொம்பு களிம்பேறுவதைப் பார்த்தவள், அவ்வளவுதான்.

கழற்றியதும் அப்பாவின் பழைய வேட்டித் துணியில் துடைப்பாள். நைந்த வேட்டியாகத்தான் இருக்க வேண்டும், புதுத் துணி கீறும் என்பாள். தண்ணீரில் முக்கவே மாட்டாள். கவரிங் கல்லுக்குப் பின்னால் பளபளவென்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். தண்ணீர் உள்ளே போனால் தாள் கறுத்து, கல் செத்துப்போகும். அழுக்குச் சேர்ந்தால் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, அந்த நுரையைப் பஞ்சில் தொட்டு ஒற்றி எடுத்து, உடனே ஈரம் போகத் துடைத்துவிடுவாள். வைக்கிற இடம் ஒரு குட்டிகூரா பவுடர் டப்பா. அடியில் பஞ்சு, ஒரு தோடு, நடுவில் பஞ்சு, மறு தோடு. ஒன்றோடொன்று உரசக்கூடாது. நான் பள்ளிக்கூட வேலைக்குப் போன பிறகு அந்த டப்பாவில் ஒரு சாக்பீஸ் துண்டையும் போட்டுவைத்தேன். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த வீட்டு நகைப் பாதுகாப்புக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

ஏனென்றால் அதற்கு முன் செய்தது இது. பயிற்சியின் முதல் வருட விடுமுறையில் வந்திருந்தேன். மறுநாள் பெரியப்பா வீட்டில் கல்யாணம். அம்மா தண்ணீருக்குப் போயிருந்த நேரம், டப்பாவைத் திறந்து பார்த்தேன். தோட்டின் விளிம்பில் கொஞ்சம் மங்கல். எனக்காகத்தானே அம்மா இதைப் போட்டிருக்கிறாள், பளிச்சென்று ஆக்கி வைப்போம் என்று தோன்றியது. வீட்டில் செம்புக் குடத்துக்குச் செய்கிற வைத்தியத்தையே செய்தேன். புளி, அதன்மேல் அடுப்புச் சாம்பல். கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்தேன். தண்ணீரில் அலசினேன். வெயிலில் பிடித்துப் பார்த்தால் சிவப்பாக இருந்தது. விளிம்பு முழுக்கச் செம்பு.

புளி தங்கத்தை ஒன்றும் செய்யாது. சாம்பல்தான் உப்புக்காகிதம் மாதிரி அந்த மெல்லிய பூச்சைச் சுரண்டியது. பூச்சு போன இடத்தில் புளி செம்பைத் துலக்கிக் காட்டிவிட்டது. இதைப் பின்னாளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமிலப் பாடம் நடத்தும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், சொன்னதில்லை.

அம்மா வந்து பார்த்தாள். திட்டவில்லை. தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் தேய்ச்சிருக்கற" என்றாள். மறுநாள் அதையே போட்டுக்கொண்டு, கல்யாணப் பந்தலில் கடைசி வரிசையில் முந்தானையைக் காதுவரை இழுத்து உட்கார்ந்திருந்தாள். மணமகளின் தாய்மாமன் வீட்டு அம்மாள் ஒருத்தி வந்து, "தலைவலியா?" என்று கேட்டாள். "ஆமா" என்றாள் அம்மா. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு தருமபுரிக்கு யாரோ போகும்போது கொடுத்தனுப்பி முலாம் போட்டு வாங்கினோம். ஒரு ரூபாயோ என்னவோ ஆனது. கல் மங்கியதற்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

1978-ல் எனக்கு வேலை கிடைத்தது. முதல் மாதச் சம்பளத்தில் கொஞ்சம், அடுத்த இரண்டு மாதங்களில் கொஞ்சம் என்று சேர்த்து, பெட்டியிலிருந்த அடகுச் சீட்டை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பென்னாகரம் போனேன். கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார். பேரேட்டைக்கூடப் புரட்டவில்லை. சீட்டிலேயே அச்சடித்திருந்த கெடுவை விரலால் காட்டினார். ஒரு வருடம் ஏழு நாள். "முழுகிப்போச்சும்மா, எப்பவோ" என்றார். தகவல் அனுப்பியிருப்போமே என்றார்.

அனுப்பத்தான் அனுப்பியிருந்தார்கள். அப்பா வாங்கி, படித்து, கூரையில் செருகிவைத்திருக்கிறார். வட்டி கட்டப் பணமில்லை. என்னிடம் சொன்னால் படிப்பை விட்டுவிடுவேன் என்று பயம். அம்மாவிடம் சொல்லத் தைரியமில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். கையில் சீட்டைப் பார்த்துவிட்டாள். "பென்னாகரம் போனியா?" என்றாள். தலையாட்டினேன். "எனக்கு அப்பவே தெரியும் கண்ணு. கூரை மாத்தறப்போ காகிதம் கீழ வுழுந்துச்சு. அப்பாவைக் கேக்காத. அவருக்கு எனக்குத் தெரியும்னு தெரியாது" என்றாள். மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

கூரை மாற்றியது 1976 சித்திரையில். அப்படியானால் இரண்டு வருடத்துக்கு மேல், மூழ்கிப்போன தோட்டுக்குப் பதிலாகத்தான் அந்தக் கவரிங்கை அப்படிப் பார்த்துப் பார்த்துத் துடைத்திருக்கிறாள். மீட்கிற வரைக்கும் ஒப்பேற்றத்தான் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

1981-ல் சீட்டுப் பணம் எடுத்து அம்மாவுக்குத் தங்கத்தோடு வாங்கிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தாள். கவரிங்கைத் துடைத்து, பஞ்சு வைத்து, டப்பாவில் மூடினாள். அதன் பிறகு சந்தைக்குப் போனாலும் துக்கத்துக்குப் போனாலும் அதைத்தான் எடுத்துப் போடுவாள். "தங்கத்தைப் போட்டுக்கிட்டு பஸ்ல போக முடியுமா?" என்பாள். அது வெறும் சாக்கு என்றுதான் எனக்குத் தோன்றும்.

பேத்தியிடம் இதில் பாதிதான் சொன்னேன். அவளுக்கு வேண்டியதை மட்டும் சொன்னேன். செண்ட் அடித்து, அது காய்ந்த பிறகு கம்மல் போடு. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்று. நான்கைந்தை ஒன்றாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதே, ரப்பரில் கந்தகம் இருக்கிறது, அது வெள்ளியையும் செம்பையும் கறுக்கவைக்கும். ஜிப் கவரில் போடுவதாக இருந்தால் நன்றாக உலர்ந்த பிறகு போடு, ஈரத்தோடு மூடினால் திறந்து வைப்பதைவிட மோசம். ஒரே கம்மலைத் தினமும் போடாமல் இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் போட்டால் எல்லாமே அதிக நாள் வரும்.

"ஆனா ஆயா, சிலது போட்டா காது அரிக்குது, சீழ் வைக்குது" என்றாள். அது வேறு விஷயம். மலிவுக் கம்மல்களில் பூச்சுக்கு அடியில் நிக்கல் இருக்கும். சிலர் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஐரோப்பாவில் காதில் குத்தும் நகைகளில் நிக்கலுக்கு 1994-லேயே வரம்பு வைத்துவிட்டார்கள். நாம் நிறமில்லாத நகப்பூச்சைத் தண்டில் இரண்டு தடவை தடவி, நன்றாகக் காயவிட்டுப் போடலாம். கொஞ்ச நாள் தாங்கும், தேய்ந்ததும் மறுபடி தடவ வேண்டும். அதற்குப் பிறகும் புண்ணானால் அந்தக் கம்மலை விட்டுவிட வேண்டியதுதான். சிக்கனம் வேறு, காதைக் கெடுத்துக்கொள்வது வேறு.

பவுடர் டப்பா இப்போது என்னிடம் இருக்கிறது. எழுத்தெல்லாம் அழிந்து வெறும் தகரமாகிவிட்டது. திறந்து காட்டினேன். பேத்தி அந்தத் தோட்டை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். "ஆண்டிக் மாதிரி இருக்கு ஆயா, இப்ப இதுதான் ஃபேஷன்" என்றாள். இடது தோட்டின் திருகாணி மரை தேய்ந்து நிற்கவில்லை. மரையில் ஒரு சுற்று நூல் சுற்றித் திருகினேன், பிடித்துக்கொண்டது. அம்மாவும் அப்படித்தான் செய்வாள். அன்றைக்கு முழுக்க அதைப் போட்டுக்கொண்டு சுற்றினாள். ராத்திரி படுக்கும் முன்னால் தானாகவே கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் ஊருக்குப் போன பிறகு அந்த நூறு ரூபாய் ஜிமிக்கியைத் தேடினேன். மேசைமேல்தான் வைத்திருந்தேன். அங்கே இல்லை. குப்பைக்கூடையிலும் இல்லை.